கைக்குழந்தைக்குச் செக்கப்பும் வளர்ச்சிப் படிகளும்: கடலூர், புதுச்சேரிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிறந்ததிலிருந்து ஒன்றரை வயது வரை உள்ள குழந்தைகளைப் பற்றி, ஊசி போடும் நாளில் அம்மாக்களும் ஆயாக்களும் (பாட்டிகளும்) திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. எல்லாப் பதில்களையும் படிக்க நேரமில்லாதவர்கள் இது ஒன்றை மட்டுமாவது வைத்துக்கொள்ளுங்கள்: ஊசி போட்டதும் கிளம்பிவிடாதீர்கள். எடை, தலைச்சுற்றளவு, வளர்ச்சி மூன்றையும் பார்த்துத் தாய் சேய் நல அட்டையில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

குழந்தை நல்லாத்தான் இருக்கு. ஒன்றும் இல்லாதபோது எதற்கு டாக்டரிடம் காட்ட வேண்டும்?

நன்றாக இருக்கும் நாளில் பார்த்து வைத்தால்தான் பின்னால் ஏதாவது மாறும்போது தெரியும். காய்ச்சலோடு போகிற குழந்தை அழுதுகொண்டே இருக்கும். கழுத்தைத் தூக்குகிறதா, சத்தத்துக்குத் திரும்புகிறதா என்றெல்லாம் அன்றைக்கு யாராலும் பார்க்க முடியாது.

அதோடு, சில குறைகள் வலிக்காது, அழவும் வைக்காது. காது கேளாமை, கண்ணுக்குள் வெள்ளை, இடுப்பு மூட்டு விலகல், ஆண் குழந்தைக்கு விதை இறங்காமல் இருப்பது, தைராய்டு குறைவு எல்லாம் அந்த வகை. தைராய்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த இரண்டு மூன்று நாளில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து, இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் மூளை வளர்ச்சியைக் காப்பாற்றிவிடலாம். மாதக்கணக்கில் தாமதமானால் இழந்ததை முழுசாக மீட்க முடியாது. இத்தனைக்கும் அந்தக் குழந்தை "ரொம்ப சாது, அழுவதே இல்லை" என்று பெயர் வாங்கியிருக்கும். டிஸ்சார்ஜ் ஆகும்போது குதிகால் ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

எப்போதெல்லாம் காட்ட வேண்டும்?

தடுப்பூசி அட்டவணையையே செக்கப் அட்டவணையாக வைத்துக்கொண்டால் மறக்காது. பிறந்த உடனே காசநோய்க்கு எதிரான பிசிஜி, போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் மஞ்சள்காமாலை பி ஊசி. பிறகு 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு, போலியோ சொட்டு. இதில் 6, 14 வாரங்களில் நிமோனியா ஊசியும், கையில் தோலுக்குள் போடும் போலியோ ஊசியும் சேர்ந்து வரும். 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா, நிமோனியா பூஸ்டர், போலியோ ஊசி மூன்றாவது தவணை, ஒரு லட்சம் யூனிட் வைட்டமின் ஏ. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி அந்த நோய் உள்ள மாவட்டங்களில் மட்டும் தரப்படுகிறது. கடலூர் அதில் ஒன்று, அதனால் 9 மாதத்தில் அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது சுற்று.

இதற்கு முன்னால், முதல் ஆறு வாரத்தில் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும் என்பது அரசுத் திட்டம். வரும்போது குழந்தை தூங்குகிறது என்று அனுப்பிவிடாதீர்கள். தொப்புள், மஞ்சள் நிறம், பால் குடிக்கும் விதம் இவற்றைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

14 வாரத்துக்கும் 9 மாதத்துக்கும் நடுவில் ஒரு பெரிய இடைவெளி இருப்பதைக் கவனித்தீர்களா? அரசு அட்டவணையில் கிட்டத்தட்ட ஆறு மாதத்துக்கு ஊசி இல்லை. குழந்தை கழுத்து நின்று, குப்புற விழுந்து, உட்கார்ந்து, சோறு தின்னத் தொடங்குவது எல்லாமே அதற்குள்தான் நடக்கிறது. ஊசி இல்லாவிட்டாலும் 6 மாதம் முடிந்ததும் ஒருமுறை கட்டாயம் காட்டுங்கள். இணை உணவு என்ன கொடுப்பது என்று கேட்கவும், வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து மருந்தைத் தொடங்கவும் அதுதான் சமயம்.

பிரசவம் கடலூரில் அம்மா வீட்டில். குழந்தையைப் புதுச்சேரிக்குக் கூட்டிப் போன பிறகு ஊசி எங்கே போடுவது?

எங்கே வேண்டுமானாலும். இரண்டு பக்கமும் ஒரே தேசிய அட்டவணைதான், அட்டையைக் காட்டினால் போதும். தமிழ்நாட்டுப் பக்கம் புதன்கிழமை ஊசி நாள். புதுச்சேரியில் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துக் குழந்தையைப் புகுந்த வீட்டுக்கு அழைத்துப் போகிறோம். கடலூர் நர்ஸம்மாவின் பட்டியலில் "ஊருக்குப் போய்விட்டார்கள்" என்று இருக்கும், புதுச்சேரிப் பட்டியலில் குழந்தையின் பெயரே ஏறியிருக்காது. 14 வார ஊசி இந்த இடைவெளியில் விழுந்து காணாமல் போவது சாதாரணமாக நடக்கிறது. போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அங்கன்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் பெயரைப் பதியுங்கள். தாய் சேய் நல அட்டை சீர்த்தட்டோடு போகாவிட்டாலும் குழந்தையோடு போக வேண்டும்.

பக்கத்து வீட்டுக் குழந்தை கொழுகொழு என்று இருக்கிறது. எங்களுடையது ஏன் இப்படி?

பக்கத்து வீட்டை விட்டுவிட்டு அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டைப் பாருங்கள். முதல் வாரத்தில் பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு வரை குறையலாம், இரண்டு வாரத்தில் அது திரும்பி வந்துவிட வேண்டும். முதல் மூன்று மாதம் நாளுக்கு ஏறக்குறைய 25 முதல் 30 கிராம் கூடும். ஐந்தாறு மாதத்தில் பிறந்த எடை இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு. 2.6 கிலோவில் பிறந்த குழந்தையும் 3.5 கிலோவில் பிறந்த குழந்தையும் ஒரே எடைக்கு வர வேண்டியதில்லை. தன் கோட்டில் தானே ஏறிக்கொண்டிருந்தால் சரி. கோடு படுத்துவிட்டாலோ கீழே இறங்கினாலோ குழந்தை குண்டாகத் தெரிந்தாலும் காரணம் தேட வேண்டும்.

தலைச்சுற்றளவை மறக்காமல் அளக்கச் சொல்லுங்கள். பிறக்கும்போது 33 முதல் 35 செ.மீ. இருக்கும். முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 2 செ.மீ., அடுத்த மூன்று மாதம் 1 செ.மீ., அதன் பிறகு அரை செ.மீ. என்று கூடும். தலை மிக வேகமாகப் பெருத்தாலும், வளராமல் நின்றாலும் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே டேப் காட்டிக்கொடுத்துவிடும்.

எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும்?

இரண்டு மாதம் முடியும்போது முகம் பார்த்துச் சிரிக்கும். தூக்கத்தில் சிரிப்பதைச் சொல்லவில்லை. நீங்கள் பேசினால் பதிலுக்குச் சிரிக்க வேண்டும். மூன்று மாதம் முடிந்தும் சிரிக்கவில்லை, கண்ணுக்குக் கண் பார்க்கவில்லை என்றால் காட்டுங்கள். பார்வைக் கோளாறும் முதலில் இப்படித்தான் தெரியவரும்.

நான்கு மாதத்தில் கழுத்து நிற்கும். ஐந்து மாதமாகியும் தலை தொங்கினால் அடுத்த தவணை வரை காத்திருக்க வேண்டாம். முதலில் மூடியே இருக்கும் கை மூன்றாம் மாதவாக்கில் விரியத் தொடங்கும். நான்கு மாதம் தாண்டியும் கட்டைவிரலை உள்ளே மடக்கி எப்போதும் இறுக மூடியே வைத்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினாலும் அப்படித்தான். "இடதுகைக்காரன் போல" என்று விட்டுவிட வேண்டாம், மற்ற கையில் பலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஐந்து ஆறு மாதத்தில் குப்புற விழும், கை நீட்டிப் பொருளைப் பிடிக்கும். ஏழாம் மாதத்தில் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றும். எட்டு மாதத்துக்குள் பெரும்பாலான குழந்தைகள் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்துவிடும்.

ஒன்பதாம் மாதத்தை நான் தனியாகச் சொல்வேன். ஊசிகள் சேர்ந்து வருவதால் எல்லாரும் வந்தே தீரும் மாதம் அது, வளர்ச்சியைப் பார்க்கவும் அதைவிட நல்ல சமயம் கிடையாது. பிடித்துக்கொண்டு நிற்கப் பார்க்கும். "பாபா, தாதா" என்று அடுக்கிப் பேசும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும். புது ஆளைக் கண்டால் உதட்டைப் பிதுக்கி அழும். தெரிந்தவரைத் தெரியாதவரிலிருந்து பிரித்துப் பார்க்கிறது என்று அதற்கு அர்த்தம், சந்தோஷப்பட வேண்டிய விஷயம். தரையில் ஒரு பொரி கிடந்தால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து எடுக்கப் பழகும் (கூடவே இருங்கள், கடலையோ பட்டாணியோ வேண்டாம், தொண்டையில் சிக்கும்). பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் இந்த மாதத்தைத்தான் சப்பாணிப் பருவமாக, குழந்தை கைகொட்டும் பருவமாக வைத்தார்கள். இன்றைய வளர்ச்சி அட்டவணைகளிலும் கைதட்டல் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் எதிர்பார்க்கப்படுகிறது. நம் வீடுகளில் இதையெல்லாம் கவனிக்கும் கண் எப்போதும் இருந்திருக்கிறது, எழுதி வைக்கும் பழக்கம்தான் இன்னும் வரவேண்டும்.

ஒரு வயதில் டாடா காட்டும், கேட்டால் கையில் உள்ளதைக் கொடுக்கும், அர்த்தத்தோடு ஒன்றிரண்டு வார்த்தை சொல்லும். அதன்பின் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டும். காக்காயைக் காட்டிவிட்டு, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது இந்தக் காலத்தில்தான். அந்த ஒரு பார்வைக்கு நடை, பேச்சு அளவுக்கு மதிப்பு உண்டு. 18 மாதத்துக்குள் நடக்க வேண்டும்.

எந்த வயதானாலும், செய்துகொண்டிருந்த ஒன்றை நிறுத்திவிட்டால் அதே வாரத்தில் காட்டுங்கள். சொன்ன வார்த்தை மறைவது, உட்கார்ந்தது சரிவது, கண் பார்ப்பது குறைவது, இவற்றில் எதற்கும் பொறுத்திருந்து பார்க்கிற பேச்சே இல்லை.

தவழவே இல்லை, நேராக எழுந்து நின்றுவிட்டது. ஏதாவது குறையா?

இல்லை. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழாமலே நடந்தன. அதே ஆய்வில் தனியாக நடக்கத் தொடங்கிய வயது 8 மாதத்திலிருந்து ஏறக்குறைய 17½ மாதம் வரை விரிந்திருந்தது. அக்கா பிள்ளை பத்து மாதத்தில் நடந்தது, நம் பிள்ளை பதினான்கில்தான் நடக்கிறது என்றால் இரண்டும் சரியே.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் இதே கணக்கா?

வளர்ச்சிக்கு வேறு கணக்கு. தை மாதம் பிறக்க வேண்டியது கார்த்திகையிலேயே பிறந்துவிட்டால் இரண்டு மாதத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் ஆகும்போது அதனிடம் நான்கு மாதக் குழந்தையின் வேலையை எதிர்பார்த்தால் போதும். இரண்டு வயது வரை இப்படிக் கழிக்கலாம். ஊசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, பிறந்த தேதியிலிருந்தே எண்ண வேண்டும்.

34 வாரத்துக்கு முன்னால் பிறந்தாலோ 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, பிறந்த 30 நாளுக்குள் கண்ணின் விழித்திரையைப் பரிசோதித்தாக வேண்டும். மிகவும் சின்னக் குழந்தைக்கு இன்னும் முன்னதாகவே. நாள் தள்ளினால் பார்வை போய்விடக்கூடிய பிரச்சினை இது. குழந்தை இன்குபேட்டரில் இருந்த கவலையில் பெற்றோருக்கு இது காதில் ஏறியே இருக்காது, அதனால் தாத்தாவோ மாமனோ யாராவது ஒருவர் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்வது நல்லது.

"அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினாரு" என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?

மாமியார் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். தாமதமாகப் பேசத் தொடங்கி நன்றாக வந்த பிள்ளைகள் உண்டு. ஆனால் காது கேட்காததால் பேசாத பிள்ளையும், ஆட்டிசத்தால் (பழகுவதிலும் பேசுவதிலும் வரும் வளர்ச்சிக் குறைபாடு) பேசாத பிள்ளையும் ஒரு வயதில் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். வீட்டில் இருந்துகொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. பரிசோதித்து ஒன்றும் இல்லை என்றால் நிம்மதி, இருந்தால் காலத்தைச் சம்பாதித்தோம். காத்திருந்தால் இரண்டுமே கிடையாது.

முதலில் காது. பிறந்ததும் காதில் ஒரு சின்னக் கருவி வைத்துப் பார்க்கிறார்கள், குழந்தை தூங்கும்போதே முடிந்துவிடும். ஒரு மாதத்துக்குள் இந்தப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகம் முழுக்கப் பின்பற்றும் கணக்கு. கதவு தடாலென்று அடித்தால் திடுக்கிடுகிறதே என்று சமாதானம் ஆகிவிடாதீர்கள். பெரிய சத்தம் கேட்டும் பேச்சு கேட்காத குழந்தைகள் உண்டு.

சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள், தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டியவர்கள், அதை முதல் செக்கப்பிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். யாரும் குற்றம் சொல்வதற்காகக் கேட்பதில்லை. பிறவிச் செவித்திறன் குறைவு அந்தக் குடும்பங்களில் கூடுதலாக வருகிறது, அதனால் முன்கூட்டியே பார்ப்பார்கள். காது கேட்காது என்று உறுதியானால் உள்காதுக் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை, தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யப்படுகிறது. சின்ன வயதில் செய்தால்தான் பேச்சு நன்றாக வரும்.

ஆட்டிசத்துக்கான கேள்விப் பட்டியலை 18 மாதத்திலும் 24 மாதத்திலும் கேட்டுப் பார்ப்பார்கள். பெயருக்குத் திரும்பாதது, விரல் நீட்டிக் காட்டாதது, கண் பார்க்காதது முக்கியமான அறிகுறிகள். உங்களுக்கே சந்தேகம் இருந்தால் அந்த வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஊசி போட்டால் காய்ச்சல் வருகிறது. தனியாரில் வலியில்லா ஊசி போடலாமா?

காய்ச்சல் ஒன்றிரண்டு நாள் வரும், போகும். வலியில்லா ஊசியில் காய்ச்சல் குறைவு என்பது சரி, ஆனால் கக்குவான் இருமலுக்கு எதிரான பாதுகாப்பு அதில் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. முதல் மூன்று தவணைக்கு அரசு தரும் பென்டாவேலன்ட் வகையையே நான் சொல்வேன், அதுவும் இலவசமாகக் கிடைக்கும்போது.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால், ஒரு வேளைக்குக் குழந்தையின் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம், சிரப்பில் 5 மில்லியில்தான் 125 மில்லிகிராம். 5 கிலோ குழந்தைக்குச் சொட்டு மருந்தென்றால் 0.75 மில்லி, அந்த சிரப் என்றால் 3 மில்லி. சிரப் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்துவிட்டால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். 5 மில்லியில் 250 உள்ள சிரப்பும் கடையில் இருக்கிறது, பாட்டிலைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். ஊசி போட்ட இடத்தில் எண்ணெயும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். பிசிஜி போட்ட இடத்தில் சில வாரம் கழித்துச் சின்னக் கொப்புளம் வந்து சீழ் வைத்து ஆறும், அது இயல்பு.

ஊசி போடாத நாளில், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து கொடுத்துப் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆயா சொல்லும் கைவைத்தியத்தில் எது சரி, எது வேண்டாம்?

எண்ணெய் தேய்த்து மெதுவாகப் பிடித்துவிடுவது, தூளி, தாலாட்டு, மடியில் போட்டுப் பேசிக்கொண்டே குளிப்பாட்டுவது எல்லாம் நல்லவை. இந்தக் காலத்து டாக்டர்கள் குழந்தையிடம் பேசுங்கள், தொடுங்கள் என்று சொல்வதை ஆயா ஏற்கனவே செய்துகொண்டிருக்கிறார்.

மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது வேண்டாம், நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். கண்ணுக்குள் மை வேண்டாம், சிலவற்றில் ஈயம் இருக்கிறது. திருஷ்டிப் பொட்டாகக் காலில் வையுங்கள். வசம்பை உரைத்து வாயில் தடவ வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. மூடிய அறையில் சாம்பிராணி போட்டால் புகை முழுக்கக் குழந்தைக்குத்தான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம், கடலூர்ச் சித்திரை வெயிலிலும் வேண்டாம். டாக்டர் சொன்ன வைட்டமின் டி சொட்டு மட்டும் விதிவிலக்கு.

வாக்கர் வாங்கலாமா?

வேண்டாம். நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, தாமதப்படுத்தவும் செய்யும். படியில் உருண்டு தலையில் அடிபடுவது அதைவிட மோசம். கனடா 2004இலேயே விற்பனையைத் தடை செய்துவிட்டது. பாய் விரித்துத் தரையில் விடுங்கள், போதும். சோறு ஊட்ட போனைக் காட்டும் பழக்கத்தையும் தொடங்காதீர்கள்.

எனக்கே மனசு சரியில்லை. அதையும் சொல்லலாமா?

கட்டாயம் சொல்லுங்கள். காரணமில்லாமல் அழுகை, குழந்தை மேல் ஒட்டுதல் வராதது, தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டினால் அதற்குச் சிகிச்சை உண்டு. உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அம்மா நன்றாக இருப்பதும் அந்த அட்டையில் அடங்கியதுதான்.

சந்தேகம் வந்தால் எங்கே போவது?

முதலில் உங்கள் நர்ஸம்மா அல்லது ஆரம்ப சுகாதார நிலையம். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மருத்துவக் குழு வருடத்துக்கு இருமுறை அங்கன்வாடிக்கே வரும், பிறவிக் குறைகளையும் வளர்ச்சித் தாமதத்தையும் பார்த்து மாவட்ட மையத்துக்குச் சீட்டு எழுதித் தரும். கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் பக்கத்தில் உள்ளவர்களுக்கு அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை. கண்ணுக்குத் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையும் இருக்கிறது. போகும்போது சந்தேகப்படும் விஷயத்தைப் போனில் வீடியோ எடுத்துப் போங்கள். புது இடத்தில் குழந்தை எதையும் செய்து காட்டாது.

மழையில் ஊசி தவறிவிட்டது, அட்டையும் நனைந்து போயிற்று. முதலிலிருந்து போட வேண்டுமா?

வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலோடு தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது கடலூரிலும் பாகூர்ப் பக்கமும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது போல, ஐப்பசி கார்த்திகையில் எந்த வருடமும் நடக்கலாம். பென்டாவேலன்ட், ரோட்டா முதல் தவணையை ஒரு வயது வரை தொடங்க முடியும், தட்டம்மை-ரூபெல்லாவை ஐந்து வயது வரை போடலாம். தள்ளிப்போட்ட நாளெல்லாம் குழந்தை பாதுகாப்பில்லாமல் இருக்கிறது என்பதால், தண்ணீர் வடிந்த முதல் ஊசி நாளிலேயே போங்கள். லேசான சளி இருந்தாலும் போடலாம். போட்ட ஊசிகள் சுகாதார நிலையப் பதிவேட்டில் இருக்கும், அதைப் பார்த்துப் புது அட்டை எழுதித் தருவார்கள். அட்டையின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து, குழந்தையின் அப்பா போனிலும் ஆயா வீட்டில் இன்னொருவர் போனிலும் வைத்துவிடுங்கள்.